ஒரே மாஸ்டர், நாற்பது தட்டி: ஓப்பன் விஇசட்டைக் காலி செய்வது எப்படி?

ஊருக்கு வெளியே, பைபாஸ் ஓரத்தில் ஒரு வாடகைச் சமையற்கூடம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நீளமான தகரக் கொட்டகை. நடுவில் வரிசையாகக் கோட்டை அடுப்புகள். அடுப்பைத் தொடும் உரிமை ஒரே ஒரு மாஸ்டருக்குத்தான். கொட்டகையைத் தட்டி வைத்துத் தடுத்து, சின்னச் சின்ன கேட்டரிங்காரர்களுக்கு விட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனி மேடை, தனிப் பாத்திரம், தனி மளிகை, வாசலில் தனிப் பெயர்ப்பலகை. தட்டிக்கு அந்தப் பக்கம் இருப்பது பிரியாணியா வத்தக்குழம்பா என்று இந்தப் பக்கத்துக்குத் தெரியாது. ஆனால் யாருக்கு எண்ணெய் காய வேண்டுமென்றாலும் குரல் கொடுக்க வேண்டியது அதே மாஸ்டரிடம்தான்.

ஓப்பன் விஇசட் என்ற மென்பொருள் லினக்ஸ் சர்வர்களில் செய்த ஏற்பாடு இதுதான். மாஸ்டர் என்பவர் கெர்னல். நினைவகம், பிராசசர், டிஸ்க், நெட்வொர்க் எல்லாம் அவர் கையில். தட்டி மறைவில் இருக்கும் ஒவ்வொரு கேட்டரிங்காரரும் ஒரு கன்டெய்னர். உள்ளே இருப்பவருக்கு அது முழு சர்வராகவே தெரியும். சொந்த ஐ.பி. முகவரி, ரூட் கடவுச்சொல், விருப்பப்பட்ட லினக்ஸ் விநியோகம் எல்லாம் உண்டு. கெர்னல் மட்டும் பொது. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாதம் சில டாலருக்கு விற்கப்பட்ட மலிவு விபிஎஸ்களில் (வாடகை மெய்நிகர் சர்வர்களில்) ஏராளமானவை இந்தக் கொட்டகை வகையைச் சேர்ந்தவை.

அவற்றில் சில இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. யாரோ எப்போதோ நிறுவியது, நின்றதில்லை, அதனால் தொட்டதுமில்லை. அப்படி ஒன்று உங்கள் பொறுப்பில் இருந்தால் அதைக் காலி செய்ய வேண்டிய காலம் எப்போதோ வந்துவிட்டது. காரணம் புரிய வேண்டுமானால் மாஸ்டர் எப்படி வேலை பார்த்தார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரே அடுப்பு ஏன்?

எஸ்டபிள்யூசாஃப்ட் என்ற நிறுவனம் விர்ச்சுவோசோ என்ற பொருளை 2000-களின் தொடக்கத்திலிருந்து காசுக்கு விற்றுவந்தது. அதன் மையப் பகுதியை 2005-இல் திறந்த மூல உரிமத்தில் வெளியிட்டது. அதற்கு வைத்த பெயர்தான் ஓப்பன் விஇசட். அந்த நிறுவனமே 2008-இல் பேரலல்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

2005 என்ற ஆண்டு முக்கியம். ஒரு கணினிக்குள் இன்னொரு முழுக் கணினியை ஓட்டுவதற்கான வன்பொருள் உதவி இன்டெல், ஏஎம்டி சில்லுகளில் அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கியது. இன்று எல்லோரும் பயன்படுத்தும் கேவிஎம், லினக்ஸுக்குள் வந்து சேர்ந்ததே 2007 பிப்ரவரியில். அதற்கு முன்னால் ஒவ்வொரு கேட்டரிங்காரருக்கும் தனிச் சமையலறை, தனி அடுப்பு, தனி மாஸ்டர் என்று வைத்தால், மாஸ்டர்களின் சம்பளத்துக்கே வருமானம் போய்விடும். சர்வரின் மொத்த நினைவகமே இரண்டு, நான்கு ஜிபி என்றிருந்த நாட்களில் ஆளுக்கொரு கெர்னல் என்பது ஆடம்பரம். ஒரே மாஸ்டர் என்றால், சும்மா கிடக்கும் தட்டிக்குச் செலவு ஏறக்குறைய இல்லை.

உள்ளே நடப்பது இவ்வளவுதான். கன்டெய்னரில் ஓடும் நிரல் ஒரு கோப்பைத் திறக்கவோ, நெட்வொர்க்கில் பேசவோ நினைத்தால் கெர்னலிடம் கேட்கிறது. கேட்கும் ஆளின் சட்டையில் எந்தத் தட்டியைச் சேர்ந்தவர் என்ற எண் குத்தியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, அந்தத் தட்டிக்குரிய மளிகையை மட்டும் மாஸ்டர் எடுத்துக் கொடுக்கிறார். கொட்டகைக்காரருக்கு எண் 0. நூறு வரை உள்ள எண்கள் ஒதுக்கி வைக்கப்பட்டவை. வாடகைக்கு வருபவர்களின் கணக்கு 101-இலிருந்து தொடங்கும். தட்டிக்கு உள்ளே தலைமைச் சமையல்காரர் தன்னை ஒன்றாம் நம்பர் ஆளாகவே அறிவார். கொட்டகைக்காரரின் பேரேட்டில் அதே ஆளுக்கு ஐந்திலக்க எண் ஒன்று எழுதியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாத் தட்டிகளின் ஆட்களும் ஒரே பட்டியலில் தெரிவார்கள். உள்ளிருந்து பார்த்தால் தன் ஆட்கள் மட்டும்.

இந்த ஏமாற்று வித்தையின் அழகை மறுக்க முடியாது. புதிய தட்டி ஒன்றைத் திறப்பது, ஒரு டெம்ப்ளேட் கோப்பைப் பிரித்துப்போட்டு எண் கொடுக்கும் வேலை. ஒரு நிமிடம் கூட ஆகாது. நினைவகம் போதவில்லையா? அண்டாவைக் கீழே இறக்காமலேயே, ஒரே கட்டளையில் ஒதுக்கீட்டைக் கூட்டலாம். அன்றைய மற்ற வழிகள் பலவற்றில் இதற்கெல்லாம் சர்வரை நிறுத்தி எழுப்ப வேண்டியிருந்தது.

அளந்து கொடுத்த நோட்டு

ஒரே அடுப்பு என்றால் சண்டை வரும். ஒருவர் எண்ணெய் முழுவதையும் எடுத்துக்கொண்டால் மற்றவர்கள் கதி? அதற்காக ஓப்பன் விஇசட் வைத்திருந்தது ஒரு கறார் கணக்கு நோட்டு. யூசர் பீன்கவுன்ட்டர்ஸ் என்பது அந்தக் கோப்பின் பெயர். பழைய விபிஎஸ் நிர்வாகிகள் யாரிடமாவது இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் சுளிப்பார்கள்.

நோட்டில் சுமார் இருபது இனங்கள். கெர்னல் தனக்காகப் பிடிக்கும் நினைவகம், நிரல்களின் எண்ணிக்கை, திறந்த கோப்புகள், டிசிபி இணைப்புகள், அனுப்பும் பஃபர், வாங்கும் பஃபர், ஃபயர்வால் விதிகள் என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரி. ஒவ்வொரு வரியிலும் இப்போது எவ்வளவு கையில் இருக்கிறது, இதுவரை அதிகபட்சம் எவ்வளவு, எங்கே எச்சரிக்கைக் கோடு, எங்கே முடிவான வரம்பு என்று எண்கள். கடைசிக் கட்டத்தில் இருக்கும் எண்தான் முக்கியமானது: மாஸ்டர் எத்தனை முறை கையை விரித்தார் என்ற கணக்கு.

அரிசி மூட்டை அப்படியே இருக்கிறது, பருப்பும் இருக்கிறது, ஆனால் சமையல் நிற்கிறது. கேட்டால், கரண்டி ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது என்பார் மாஸ்டர். இப்படித்தான், நினைவகம் பாதிக்குமேல் காலியாக இருக்கும்போதே வெப்சைட் விழும். பிழைச் செய்தியைப் பார்த்தால் ஒன்றும் புரியாது. நோட்டின் கடைசிக் கட்டத்தைப் பார்த்தால்தான் டிசிபி இணைப்பு வரம்பு முட்டியது தெரியவரும்.

இன்னொரு வேடிக்கை, ஜாவா நிரல்களுக்கு நேர்ந்தது. பழைய கணக்குமுறையில் முக்கியமான ஓர் இனம், உண்மையில் பயன்படுத்திய நினைவகத்தை அளக்கவில்லை; கேட்டு வாங்கி வைத்துக்கொண்டதை அளந்தது. பெரிய அண்டாவாக நான்கை மேடையில் வரிசைப்படுத்திவிட்டு ஒன்றில் மட்டும் உலை வைப்பது ஜாவாவின் பழக்கம். காலி அண்டாக்களுக்கும் சேர்த்துக் கணக்கெழுதினால் அது கிளம்புவதற்கு முன்பே வரம்பு தாண்டிவிடும். பிறகு வந்த 2.6.32 கெர்னல் வரிசையில் இந்தத் தலைவலி குறைந்தது. நிஜ நினைவகம், ஸ்வாப் என்ற இரண்டு எண்களை மட்டும் கொடுத்தால் போதும், மற்ற வரிகள் தானாகச் சரியாகிக்கொள்ளும் என்ற ஏற்பாடு வந்தது.

கணக்கு நோட்டு நியாயமானதாக இருந்தாலும் கொட்டகைக்காரர்கள் எல்லோரும் நியாயமாக இருந்ததில்லை. நாற்பது பேரும் ஒரே முகூர்த்த நாளில் சமைக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில், இருப்பதைவிட அதிகமான அரிசியை விற்றவர்கள் நிறைய. மலிவு விபிஎஸ்ஸுக்குக் கெட்ட பெயர் வந்தது இதனால்தான். அந்தப் பழி கருவியின் மேல் விழுந்தது அநியாயம் என்பது என் எண்ணம். தட்டி போடுவது எளிதாக இருந்ததால் ஆசையும் எளிதாக வந்தது.

சரக்கறையைப் பற்றியும் வாசலைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்; காலி செய்யும்போது இரண்டும் தேவைப்படும். பழைய முறையில் எல்லோருடைய சாமானும் பெயர் ஒட்டி ஒரே குடோனில், அதாவது கொட்டகைக்காரரின் டிஸ்க்கில் சாதாரண அடைவுகளாகக் கிடந்தன. ஒருவர் லட்சக்கணக்கில் சின்னப் பொட்டலங்களை அடுக்கினால், எடை இல்லாவிட்டாலும் அலமாரி நிறைந்துவிடும். பிறகு பிளூப் என்ற முறை வந்தது. ஆளுக்கொரு பூட்டிய டிரங்குப் பெட்டி, அதாவது ஒரே பெரிய படிமக் கோப்பு. வாசலில் வீநெட் என்ற ஏற்பாடு. தட்டிகளுக்குத் தனி வாசல் இல்லை. வரும் பார்சலை எல்லாம் கொட்டகைக் காவலாளி வாங்கி, ஐ.பி. முகவரியைப் பார்த்து உள்ளே கொடுத்துவிடுவார். எளிமையானது, பாதுகாப்பானதும் கூட. ஆனால் தனி வாசல் எண்ணை எதிர்பார்க்கும் டிஎச்சிபி போன்றவை இங்கே வேலை செய்யாது.

மாஸ்டருக்கு வயதானது

இவ்வளவு திறமையும் மாஸ்டருக்கு இயல்பாக வந்ததல்ல. லினக்ஸின் பொதுக் கெர்னலில் தட்டி போடும் வித்தை அப்போது கிடையாது. ஓப்பன் விஇசட் குழு, ரெட்ஹாட் நிறுவனத்தின் கெர்னலை எடுத்து, அதன்மேல் தங்கள் மாற்றங்களைத் தைத்து, ஒரு சிறப்பு மாஸ்டரைத் தயாரித்தது. ரெட்ஹாட் 5-க்கு 2.6.18, ரெட்ஹாட் 6-க்கு 2.6.32, பிறகு 2016 ஜூலையில் வந்த ஓப்பன் விஇசட் 7-க்கு 3.10. ஒவ்வொரு முறை அடித்தளம் மாறும்போதும் தையல் முழுவதையும் பிரித்து மறுபடி தைக்க வேண்டும். பெரிய வேலை. அதனால் நடுவில் வந்த எத்தனையோ கெர்னல்களைத் தாண்டித்தான் போனார்கள்.

ரெட்ஹாட் தன் கெர்னலுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களைத் தந்துகொண்டிருந்தது உண்மை. மாஸ்டருக்கு மருந்து மாத்திரை நேரத்துக்குக் கிடைத்தது. புதுப் பலகாரம் மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. வாடகைக்கு வருபவர்களோ புதிய சமையல் குறிப்புகளோடு வந்தார்கள். லினக்ஸ் நிரல்கள் எல்லாம் சாய்ந்து நிற்கும் ஜிலிப்சி நூலகம், 2.26 பதிப்பிலிருந்து குறைந்தது 3.2 கெர்னல் வேண்டும் என்றது. உபுண்டு 18.04-இல் இருப்பது 2.27. அதை 2.6.32 மாஸ்டரிடம் கொண்டுபோய் நிறுத்தினால், கெர்னல் மிகப் பழையது என்று ஒரு வரி சொல்லிவிட்டு உயிரை விடும். இதைச் சமாளிக்க, கெர்னலின் பதிப்பு எண்ணை உள்ளே மாற்றிக் காட்டும் வசதி ஒன்று இருந்தது. மாஸ்டரின் சட்டையில் புது பேட்ஜ் குத்தியது போலத்தான். எண்ணைக் கேட்பதோடு திருப்தியடைகிறவர்களுக்கு அது போதும். புது வேலையைக் கேட்டால் மாஸ்டர் விழிப்பார்.

தட்டிக்கு உள்ளிருந்து மாஸ்டரின் கையில் ஒரு புதுப் பாத்திரத்தைக் கொடுக்கவும் வழியில்லை. கன்டெய்னரிலிருந்து கெர்னல் மாட்யூலை ஏற்ற முடியாது. வயர்கார்டு விபிஎன் 2020-இல் லினக்ஸ் 5.6-இன் பகுதியானபோது, சொந்த கெர்னல் வைத்திருந்தவர்கள் அதை உடனே பயன்படுத்தினார்கள். பழைய ஓப்பன் விஇசட் வாடகைக்காரர்கள் கொட்டகைக்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாதுகாப்புக் கவலை தனி. 2016 அக்டோபரில் வெளிச்சத்துக்கு வந்த டர்ட்டி கவ் என்ற ஓட்டை, 2007-இலிருந்தே கெர்னலில் இருந்தது. ஒரே மாஸ்டர் என்றால், அவரை ஒருவர் ஏமாற்றிவிட்டால் நாற்பது பேருடைய அலமாரிச் சாவியும் போச்சு.

இத்தனைக்கும் ஓப்பன் விஇசட் தோற்றுப்போன கருவி அல்ல. இதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம். அதன் பொறியாளர்கள் தங்கள் வித்தையைப் பூட்டி வைத்துக்கொள்ளாமல், லினக்ஸின் பொதுக் கெர்னலுக்கே கற்றுக் கொடுத்தார்கள். நிரல்களின் எண்களைத் தட்டிக்குத் தட்டி பிரித்துக் காட்டும் நேம்ஸ்பேஸிலும், நெட்வொர்க் நேம்ஸ்பேஸிலும் அவர்கள் உழைப்பு இருக்கிறது. அளவு கட்டுப்படுத்தும் சி-குரூப் என்ற பகுதி, கூகுள் பொறியாளர்கள் தொடங்கி 2008 ஜனவரியில் 2.6.24-இல் வந்து சேர்ந்தது. 2013 பிப்ரவரியில் வந்த 3.8-இல் பயனர் நேம்ஸ்பேஸும் நிறைவாயிற்று. அதற்குப் பிறகு எந்தக் கேட்டரிங் கல்லூரியில் படித்துவந்த மாஸ்டருக்கும் தட்டி போடத் தெரியும். எல்எக்ஸ்சி என்ற கன்டெய்னர் கருவி அந்தப் பொதுவித்தையின் மேல் எழுந்தது. 2013-இல் வந்த டாக்கர் தொடக்கத்தில் எல்எக்ஸ்சியின் தோளில்தான் நின்றது.

கொதித்துக்கொண்டிருக்கும் சாம்பாரை, கொதி அடங்காமல் அடுத்த ஊர்க் கொட்டகைக்கு மாற்றும் வித்தையையும் ஓப்பன் விஇசட் 2006-லேயே வைத்திருந்தது: ஓடும் கன்டெய்னரை நிறுத்தாமல் வேறு சர்வருக்கு நகர்த்துவது. அதைப் பொதுக் கெர்னலில் சேர்க்க முயன்றபோது எதிர்ப்பு வந்தது. பெரும்பகுதி வேலையைக் கெர்னலுக்கு வெளியிலேயே செய்யலாம் என்று பாவெல் எமெல்யனோவ் 2011-இல் தொடங்கிய முயற்சிதான் கிரியூ. அதற்கான முதல் திருத்தங்களைச் சேர்த்துக்கொண்ட ஆண்ட்ரூ மார்ட்டன், இது சில பைத்தியக்கார ரஷ்யர்களின் வேலை, அவர்களுக்கு இருக்கும் நம்பிக்கை தனக்கில்லை என்று கெர்னல் வரலாற்றிலேயே எழுதி வைத்துவிட்டார். கிரியூ பிழைத்து நிற்கிறது. ஓப்பன் விஇசட் சமூகத்தின் முகமாக நீண்டகாலம் இருந்த கிர் கோலிஷ்கின், பின்னாளில் டாக்கருக்கும் குபர்நெட்டிஸுக்கும் அடியில் ஓடும் ரன்சி-யின் பராமரிப்பாளர்களில் ஒருவரானார்.

ஆக, வித்தை எல்லோர் கைக்கும் போய்விட்டது. மிஞ்சியது பழைய கெர்னலோடு பிணைந்த அந்தத் தையல். வியன்னாவைச் சேர்ந்த ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மெய்நிகர் சர்வர் மேலாண்மை மென்பொருள் தன் 4.0 பதிப்பில், 2015 அக்டோபரில், ஓப்பன் விஇசட்டை எடுத்துவிட்டு எல்எக்ஸ்சியை வைத்தது. தீர்ப்பு எழுதப்பட்டது அன்றைக்குத்தான் என்பேன்.

எங்கே குடியேறுவது?

இரண்டு இடங்கள் உண்டு. எல்எக்ஸ்சி என்றால் அதே மாதிரிக் கொட்டகை, அதே மாதிரித் தட்டி, ஆனால் புதிய மாஸ்டர். ஒரு நல்ல மாற்றமும் உண்டு. சலுகையற்ற கன்டெய்னர் என்ற முறையில், தட்டிக்குள் முதலாளி என்று நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ரூட், கொட்டகைப் பேரேட்டில் 100000 எண்ணுள்ள சாதாரண வேலையாள். தட்டியைத் தாண்டிக் குதித்தாலும் வெளியே அவர் சொல்லுக்கு மதிப்பில்லை.

கேவிஎம் என்றால் ஆளுக்கொரு சமையலறை, சுவர், கதவு, சொந்த மாஸ்டர். உள்ளே யார் எந்த கெர்னலை வைத்துக்கொண்டாலும் வீட்டுக்காரருக்குக் கவலையில்லை. நினைவகம் கூடுதலாகச் செலவாகும். ஆனால் இன்றைய சர்வரில் 128 ஜிபி என்பது பேசத்தக்க அளவே இல்லை. 2005-இன் சிக்கனக் கணக்கு இன்று பொருந்தாது. தவிர, ப்ராக்ஸ்மாக்ஸில் எல்எக்ஸ்சி கன்டெய்னரை வேறு சர்வருக்கு மாற்ற அதை நிறுத்தித்தான் எழுப்ப முடியும். கேவிஎம் இயந்திரம் ஓடிக்கொண்டே நகரும். ஓப்பன் விஇசட்டில் கொதிக்கும் சாம்பாரை மாற்றிப் பழகியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், வெளியாருக்கு வாடகைக்கு விடுபவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேவிஎம் பக்கம் போகலாம். ஒரே அலுவலகத்தின் சின்னச் சின்ன சேவைகள், உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் நம்மவர்கள் என்றால் எல்எக்ஸ்சி போதும்.

ஓப்பன் விஇசட் 7-க்கு மாறினால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதன் 3.10 கெர்னல் 2013-இல் பிறந்தது. அதோடு இணையான சென்டோஸ் 7-இன் ஆதரவு 2024 ஜூன் 30 அன்று முடிந்துவிட்டது. ஒரு ஓய்வுபெற்றவரை அனுப்பிவிட்டு இன்னொரு ஓய்வுபெற்றவரை நியமிக்க வேண்டாம்.

சாமான் கட்டும் வேலை

முதலில் பெயர்ப்பலகைகளை எண்ணுங்கள். நாற்பது தட்டியில் எத்தனை பேர் உண்மையில் சமைக்கிறார்கள்? பல ஆண்டுகள் ஓடிய சர்வரில், யாரும் எட்டிப் பார்க்காத கன்டெய்னர்கள் நிச்சயம் இருக்கும். அவற்றை நிறுத்தி வையுங்கள். சில வாரங்கள் யாரும் கூப்பிடவில்லை என்றால் ஒரு பேக்கப்போடு கதை முடிந்தது. குடிமாற்றத்தில் மிகப்பெரிய மிச்சம் இதில்தான்.

பழைய ப்ராக்ஸ்மாக்ஸிலிருந்து எல்எக்ஸ்சிக்குப் போகும் பாதை ஏற்கெனவே போடப்பட்டது. கன்டெய்னரின் ஐ.பி. விவரங்களைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். நிறுத்திவிட்டு விஇசட்-டம்ப் கருவியால் முழுவதையும் ஒரே மூட்டையாகக் கட்டி, புதிய சர்வருக்குக் கொண்டுபோய், பிசிடி கருவியால் பிரிக்க வேண்டும். கோப்புகள் அப்படியே வந்துவிடும். வராதவை எவை என்பதுதான் கவனிக்க வேண்டியது. வீநெட் காவலாளி புதுக் கொட்டகையில் இல்லை. ஒவ்வொரு கன்டெய்னருக்கும் பிரிட்ஜில் இணைந்த தனி வாசல் வைத்து, முகவரியையும் கேட்வேயையும் புதிதாக எழுத வேண்டும். கணக்கு நோட்டின் இருபது வரிகளுக்கும் இங்கே மதிப்பில்லை. நினைவகம், ஸ்வாப், பிராசசர் என்று புதிதாகச் சொன்னால் போதும். கன்டெய்னர் எழும்போது வெளியிலிருந்து அடைவுகளை இணைக்கும் பழைய மவுன்ட் ஸ்கிரிப்டுகளும் தானாக வராது. அவற்றைத் தேடிப் பிடித்து எழுதி வைக்காவிட்டால், எல்லாம் ஓடும், ஆனால் படங்கள் மட்டும் காணாமல் போயிருக்கும்.

பெரிய குழி வேறிடத்தில் இருக்கிறது. மூட்டைக்குள் இருக்கும் விநியோகம் பழையதாக இருந்தால், புதிய மாஸ்டருக்கு அதன் மொழி புரியாது. ப்ராக்ஸ்மாக்ஸ் 7, 2021-இல், சி-குரூப்பின் இரண்டாம் பதிப்பை இயல்பாக்கியது. அதோடு பேச, உள்ளே இருக்கும் சிஸ்டம்டி குறைந்தது 231 பதிப்பாக இருக்க வேண்டும். சென்டோஸ் 7-இல் இருப்பது 219. ப்ராக்ஸ்மாக்ஸ் 9-இல் பழைய முறையையே எடுத்துவிட்டார்கள். சென்டோஸ் 6-க்கு இன்னொரு சிக்கல்: அதன் ஜிலிப்சி நம்பியிருக்கும் விசிஸ்கால் என்ற பழைய கூப்பிடுமுறையைப் புதிய கெர்னல்கள் மூடி வைத்திருக்கலாம், சர்வர் எழும்போதே ஓர் அமைப்பு கொடுத்துத் திறக்க வேண்டியிருக்கும். பழைய ஆளுக்காகப் புதுக் கொட்டகையின் பாதுகாப்பைத் தளர்த்துவதா என்பதை அப்போது யோசியுங்கள். நான் தளர்த்த மாட்டேன்.

அப்படிப்பட்ட கிழவர்களுக்கு கேவிஎம்தான் முதியோர் அறை. அவரும் அவருடைய பழைய மாஸ்டரும் ஒரு சுவருக்குள், வெளியுலகத் தொடர்பைக் குறைத்துக்கொண்டு, கடைசிவரை இருக்கட்டும். இதில் ஒரு வேலை கூடுதல். கன்டெய்னர் மூட்டையில் மளிகையும் பாத்திரமும் உண்டு, அடுப்பு கிடையாது. கெர்னல், பூட்லோடர், டிஸ்க் பிரிவுகளின் பட்டியல் எதுவுமே இருக்காது. அதே விநியோகத்தை ஒரு கேவிஎம் இயந்திரத்தில் சின்னதாக நிறுவி, அடுப்பைப் பற்றவைத்து, பிறகு பழைய கோப்புகளை ஆர்சிங்கால் மேலே கொண்டுவருவதே சுலபம். கொண்டுவரும்போது பிராக், சிஸ், டெவ், பூட் ஆகிய அடைவுகள், மாட்யூல்கள், டிஸ்க் பட்டியல், நெட்வொர்க் அமைப்பு இவற்றை விலக்கிவிட வேண்டும். பயனர் எண்களைப் பெயர் பார்த்து மாற்றாமல் எண்ணாகவே வைக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மின்னஞ்சல் பெட்டிகளின் உரிமையாளர்கள் இடம் மாறிப்போவார்கள்.

ஆனால் முடிந்தவரை மூட்டை கட்டுவதையே தவிர்க்கப் பாருங்கள். புதிய டெபியனோ உபுண்டுவோ வைத்து, சேவையைப் புதிதாக நிறுவி, டேட்டாபேஸ் டம்ப், வெப்சைட் கோப்புகள், கிரான் பட்டியல், சான்றிதழ்கள், கையால் மாற்றிய அமைப்புக் கோப்புகள் ஆகியவற்றை மட்டும் கொண்டுவருவதுதான் சரியான வழி. கரி பிடித்த வாணலியைப் புது வீட்டுக்குச் சுமந்து செல்ல வேண்டாம். மசாலா டப்பா வந்தால் போதும். வேலை கூடுதல்தான். ஆனால் எது எங்கே எதற்காக இருக்கிறது என்பது இந்த ஒருமுறை எழுத்தில் வந்துவிடும்.

மாறும் நாளுக்கு முன்னேற்பாடு: டிஎன்எஸ் பதிவின் டிடிஎல்லை இரண்டு நாள் முன்பே ஐந்து நிமிடத்துக்குக் குறைத்துவிடுங்கள். சர்வர் ஓடும்போதே முதல் சுற்று நகலை எடுங்கள். பெரும்பகுதி அப்போதே போய்விடும். மாறும் நேரத்தில் டேட்டாபேஸை நிறுத்தி, மாறியவற்றை மட்டும் இரண்டாம் சுற்றில் எடுங்கள். பந்திக்கு இலை போடும் முன் ருசி பார்ப்பது முக்கியம்: உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் புதிய முகவரியைப் போட்டு, ஊருக்குத் தெரியாமல் நீங்கள் மட்டும் சோதித்துவிட்டு, அதன்பின் டிஎன்எஸ்ஸை மாற்றுங்கள். பழைய கன்டெய்னரை நிறுத்துங்கள், அழிக்காதீர்கள்.

உங்கள் விபிஎஸ் எந்த வகை என்று தெரியவில்லையா? உள்ளே நுழைந்து நெட்வொர்க் இடைமுகங்களைப் பாருங்கள். வீநெட்0 என்ற பெயர் இருந்தால் நீங்கள் இருப்பது ஓப்பன் விஇசட் கொட்டகை. யூனேம் கட்டளை கெர்னலை 2.6.32 என்று சொன்னால், அந்த வரிசை பிறந்தது 2009 டிசம்பரில். அதற்கு இணையான சென்டோஸ் 6-இன் ஆதரவு 2020 நவம்பர் 30-இல் முடிந்துவிட்டது. எந்த வழியில் போவதென்று பிறகு முடிவு செய்யலாம். இந்த வாரம் ஒரே ஒரு கன்டெய்னரை மூட்டை கட்டி, வேறொரு இயந்திரத்தில் பிரித்து, அது எழுந்து நிற்கிறதா என்று பாருங்கள்.